வரையவா, பாடவா, நடிக்கவா? வாசிப்பு வகுப்பில் கலைக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம்

பினாங்கில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். வாசிப்பையும் எழுத்தையும் கலையோடு சேர்த்துக் கற்பிக்க வாரத்தில் எனக்குக் கிடைப்பது இரண்டு பாடவேளை, அதாவது ஒரு மணி நேரம். அதை ஓவியத்துக்குக் கொடுப்பதா, பாட்டுக்கா, நடிப்புக்கா என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். ஒன்றுதான் முடியும் என்றால் நடிப்பைத்தான் எடுப்பேன்.

நம் பள்ளிகளில் அதிகம் நடப்பது ஓவியம். கதையை வாசித்து முடித்ததும் "பிடித்த காட்சியை வரைந்து வண்ணம் தீட்டுங்கள்" என்போம். வகுப்பு அமைதியாக இருக்கும், பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவில்லை, சுவரில் ஒட்டினால் அழகு. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை ஒரு சொல்லைக்கூட வாசிப்பதில்லை.

வரிசையைத் திருப்பிப் போட்டால் நிலைமை மாறுகிறது. எழுதுவதற்கு முன் வரையச் சொல்ல வேண்டும். கால்டுவெல், மூர் என்ற இருவர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பேசித் திட்டமிட்டு எழுதிய பிள்ளைகளைவிட, வரைந்து திட்டமிட்டு எழுதியவர்களின் கதைகள் மேலாக இருந்தன. ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012-இல் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்த ஓவியம் எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்: சுவரில் பொருத்திய நிஜ மிதிவண்டி, அதில் ஒரு சிறுமி, பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுவன். "இதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது? அதை வரையுங்கள்" என்றேன். ஒரு மாணவி, கதவோரம் கரண்டியோடு நிற்கும் அம்மாவை வரைந்தாள். பிறகு எழுதினாள்: "அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் முச்சந்தியைத் தாண்டிவிட்டோம்." எல்லாக் கட்டுரையையும் "ஒரு நாள் நானும் என் தம்பியும்" என்று தொடங்குகிறவள் அவள்.

பாட்டின் பலம் வேறு. ஆத்திசூடியை ராகத்தோடு கடகடவென ஒப்பிக்கும் பிள்ளையிடம் அதே வரியில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் திகைத்துப்போகிறது. காது பாடம் பண்ணியதைக் கண் பார்க்கவே இல்லை. வரிகளைச் சொல் சொல்லாக வெட்டி, கலைத்துப் போட்டு, பாடிக்கொண்டே அடுக்கச் சொன்னால் ஓரளவு சரியாகும். பாட்டு உண்மையிலேயே கைகொடுப்பது குறில் நெடிலுக்குத்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நம் இலக்கணமே தாளம் போட்டு வைத்திருக்கிறது. படம், பாடம், கல், கால். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டி ஒரு வீச்சு. துணைக்காலை விட்டுவிட்டு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. முதலாம், இரண்டாம் ஆண்டுக்குப் பாட்டுதான் முதலில்.

இனி நடிப்பு. பரிசளிப்பு விழா நாடகத்தைச் சொல்லவில்லை. அதில் சரளமாகப் பேசும் ஏழெட்டுப் பேருக்கு வசனம் போய்விடும். வாசிக்கத் திணறுகிறவன் அட்டை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவனுக்கே அது கிடைக்காமல் போவது எனக்கு இன்றும் வலிக்கிறது. நான் சொல்வது வாசிப்பு அரங்கு. மனப்பாடம் கிடையாது, ஒப்பனை கிடையாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு குரலால் மட்டும் நடிப்பது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் கூடும் என்று வாசிப்பு ஆய்வாளர் சாமுவேல்ஸ் 1979-இலேயே எழுதினார். ஆனால் காரணமில்லாமல் மூன்றாம் தடவை வாசி என்றால் எந்தப் பிள்ளை வாசிக்கும்? அரங்கேற வேண்டும் என்றால் ஆறு தடவை வாசிக்கிறார்கள், யாரும் சொல்லாமலே.

ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2000-இல் ஆன் பாட்லோஸ்னி 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வகுப்பறை நடிப்பு கதையைப் புரிந்துகொள்வதிலும் எழுத்திலும் உதவுவது தெரிந்தது. நடித்துப் பார்த்த கதையில் மட்டுமல்ல, புதிய கதைகளிலும்.

என் வகுப்பில் நடந்தது இது. ஒருவன் "மலை வருகிறது, குடையை எடுத்துக்கொள்" என்று வாசித்தான். எதிரில் நின்றவள் சன்னலைப் பார்த்து, "கொடிமலையா வருது?" என்றாள், உண்மையாகவே குழம்பி. கொடிமலை எங்கள் பினாங்கு மலை. அவன் தாளை உற்றுப் பார்த்தான். நாக்கை மடக்கினான். "மழை." நான் சிவப்பு மையில் எத்தனையோ முறை வட்டமிட்ட ழகரம் அது. தான் சொன்னது எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தபோதுதான் அந்த எழுத்து அவனுக்குத் தேவைப்பட்டது. வீட்டுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் நடிப்பு வாய்வழியே கடக்க வைக்கிறது. "வருகிறது" என்ற சொல்லை உணர்ச்சியோடு சொல்ல வேறு எங்கே இடம் இருக்கிறது?

சத்தம் வரும், உண்மைதான். திடலோரம் நிழலில் குழுக்களைப் பிரித்து உட்கார வைக்கிறேன். நான்கு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம், வசனம் பங்கு போதாது.

பேசவே கூசும் ஒரு பிள்ளைக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றினேன். முதல் இரண்டு வாரம் அவள் காட்சிகளை வரைந்தாள், மற்றவர்கள் அந்தப் படங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். இப்போது கதைசொல்லியின் வரிகளை அவளே வாசிக்கிறாள், தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு. தாளை இறக்கு என்று நான் சொல்வதில்லை.