ஜப்பானில் பெரிய பெட்டியோடு ஊர் மாற: புல்லட் ரயிலா, உள்நாட்டு விமானமா?

ஜப்பான் ஏர்லைன்ஸிலும் ஆல் நிப்பான் ஏர்வேஸிலும் சர்வதேசப் பயணத்துக்கு எகானமி டிக்கெட்டிலேயே 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகளுக்கு இடம் உண்டு. கொடுத்த இடத்தை வீணாக்குவானேன் என்று அடைத்துக்கொண்டு போய் டோக்கியோவில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஒசாகாவுக்கோ ஃபுகுவோகாவுக்கோ கிளம்பும்போதுதான் தலைவலி. ரயிலில் கெடுபிடி பெட்டியின் அளவுக்கு, விமானத்தில் எடைக்கு. எதில் போவது என்பதை டிக்கெட் விலையை விட இந்த வித்தியாசமே தீர்மானிக்கும்.

முதலில் விமானம். மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களுமே உள்நாட்டில் சாதாரண வகுப்புக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருவது 20 கிலோ. ஒரு பெட்டிக்கு 20 அல்ல, மொத்தமே 20. கையில் கொண்டுபோவது தோள்பையையும் சேர்த்து 10 கிலோ. ஆக, 46 கிலோவோடு வந்தவர் பாதிக்கும் மேற்பட்ட எடைக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். உள்நாட்டுப் பயணத்தையும் சர்வதேச டிக்கெட்டோடு ஒரே புக்கிங்கில் சேர்த்து வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை பொதுவாக இல்லை. சர்வதேச அளவே தொடரும். தனித்தனியாக வாங்கினால்தான் இடிக்கும்.

பீச், ஜெட்ஸ்டார் ஜப்பான் போன்ற மலிவு விமானங்கள் இன்னொரு ரகம். அடிமட்டக் கட்டணத்தில் செக்-இன் பெட்டியே கிடையாது. கையில் 7 கிலோ. டிக்கெட் விலையைப் பார்த்து மயங்கி, பெட்டிக்கான பணத்தை விமான நிலையக் கவுன்டரில் கட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். போதாததற்கு டோக்கியோவில் இவை பெரும்பாலும் நரிதா விமான நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. அது நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பெட்டியை ரயிலில் இழுத்துப் போக வேண்டும் என்றால், ரயில் வேண்டாம் என்று விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு என்ன அர்த்தம்?

ஆனாலும் விமானத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டால் அப்புறம் இறங்கும் ஊரில்தான் அதன் முகத்தில் விழிக்க வேண்டும். இதன் அருமை ரயிலில் போனால்தான் தெரியும்.

ரயிலில் விதிப்படி ஒருவர் இரண்டு பெட்டிகள் கொண்டுபோகலாம், ஒவ்வொன்றும் 30 கிலோ வரை. ஆனால் ஸ்டேஷன் வாசலில் யாரும் தராசு வைத்துக் காத்திருப்பதில்லை. பார்ப்பதெல்லாம் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வரும் சென்டிமீட்டர் கணக்கு. டோக்கியோவிலிருந்து ஒசாகா, ஹிரோஷிமா, ஃபுகுவோகா பக்கம் போகும் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வண்டிகளில் 2020 மே மாதத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது. கூட்டுத்தொகை 160-ஐத் தாண்டி 250 வரை இருந்தால், பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென். 250-ஐத் தாண்டினால் ஏற்றவே விடமாட்டார்கள்.

இதைக் கேட்டுப் பதற வேண்டாம். விமான நிறுவனங்கள் பல செக்-இன் பெட்டிக்கு வைத்திருக்கும் வரம்பு 158 சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும் சூட்கேஸ் இந்த விதியில் மாட்டாது. மாட்டாவிட்டாலும் அந்த இருக்கையைப் பதிவு செய்துகொள்வதே புத்திசாலித்தனம் என்பேன். பெரும்பாலும் அது கடைசி வரிசை. பெட்டி இருக்கைக்குப் பின்னால் நிற்கும். இல்லாவிட்டால் 23 கிலோவைத் தலைக்கு மேலுள்ள தட்டில் தூக்கி வைக்க வேண்டும். தூக்க முடியாதவர்கள் காலுக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். வரிசைக்கு வரிசை 104 சென்டிமீட்டர் இருப்பதால் அது நடக்கும்தான், ஆனால் ஜன்னலோரக்காரர் எழுந்து போகும்போதெல்லாம் நீங்களும் பெட்டியும் வழிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், இறங்குவது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகிறவருக்கு அது நடுவழி ஸ்டேஷன். வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அறிவிப்பு வந்ததும் ஊர்க்காரர்கள் எழுந்து கதவருகே வரிசையில் நிற்பார்கள். வண்டி நின்ற பிறகு தட்டிலிருந்து பெட்டியை இறக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் கியோட்டோவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே ஒசாகா போய்ச் சேரலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்: பெட்டியைக் கூரியரில் போட்டுவிட்டு ஆள் மட்டும் ரயிலில் போவது. யமாட்டோ நிறுவனம் 1976-இல் ஆரம்பித்த தக்கியூபின் சேவை இதற்குப் பேர்போனது. குட்டியைக் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனைச் சின்னத்தை ஊரெங்கும் பார்க்கலாம். கூட்டுத்தொகை 200 சென்டிமீட்டர், எடை 30 கிலோ வரை எடுத்துக்கொள்வார்கள். பெரிய பெட்டிக்குத் தூரத்தைப் பொறுத்து இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். டோக்கியோ – ஒசாகா போன்ற தடங்களில் மறுநாளே போய்ச் சேரும். ஹோட்டல் வரவேற்பிலேயே சீட்டு எழுதி ஒப்படைத்துவிடலாம். போய்ச் சேர வேண்டிய ஹோட்டலின் முகவரியோடு, அறை யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதையும் எழுத மறக்கக் கூடாது. பாஸ்போர்ட், பணம், மாத்திரை, ஒரு நாள் துணி ஆகியவை முதுகுப்பையில் இருக்கட்டும்.

தடவாரியாகச் சொன்னால், டோக்கியோ – ஒசாகாவுக்கு நோசோமி என்ற வேகமான புல்லட் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். பெட்டியைக் கூரியரில் அனுப்பிவிட்டு ரயில் ஏறுங்கள், விமானத்தை யோசிக்கவே வேண்டாம். ஃபுகுவோகா அப்படியல்ல. ரயிலில் ஐந்து மணி நேரம், விமானத்தில் இரண்டு. விமான நிலையத்திலிருந்து ஊரின் முக்கிய ஸ்டேஷனான ஹகாட்டாவுக்கு சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தம். 20 கிலோவுக்குள் அடக்க முடிந்தால் டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடாவிலிருந்து பறந்துவிடலாம். சப்போரோவுக்குப் புல்லட் ரயில் இன்னும் எட்டவில்லை. ஹகோடாட்டே பக்கம் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். பெட்டியோடு அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கூரியர் உதவாத இடமும் உண்டு. தினம் ஓர் ஊரில் தங்குகிறவர்களின் பெட்டி அவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். அவர்கள் இரண்டு மூன்று ஊர் தள்ளி, கடைசியாகத் தங்கும் ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டுச் சின்னப் பையோடு சுற்றுவது நல்லது; எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அந்த ஹோட்டலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் திரும்பும்போது விமான நிலையத்துக்கே அனுப்புவதானால், புறப்படுவதற்கு முந்தின நாளே பெட்டி அங்கே சேரும்படி கணக்குப் போட்டு அனுப்புங்கள். சீட்டில் விமான எண், நேரத்தோடு எந்த டெர்மினல் என்பதையும் எழுதிவிடுங்கள்.