சீரற்ற மின்காந்தப் புலம்: ஒட்டுறவுச் சார்பா, மோடுகளா, விக்னரா, மான்டி கார்லோவா?

சீரற்று ஏறி இறங்கும் ஒளி, ரேடியோ அலை போன்ற புலங்களைக் கணக்கிடத் தலைப்பிலுள்ள நான்கு முறைகளில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு விகிதத்தைத்தான்: புலத்தின் ஓரியல் அகலம் (எவ்வளவு தூரம் வரை இரு புள்ளிகளின் அலைகள் ஒத்திசைந்து அசைகின்றன என்பது) அலை புறப்படும் மூலத்தின் அகலத்தில் எத்தனை பங்கு? அடுத்த கேள்வி, சராசரி தெரிந்தால் போதுமா, இல்லை அரிதாக வரும் உச்சமும் வேண்டுமா. இந்த இரண்டையும் கேட்காமல் முறையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை.

ஒட்டுறவுச் சார்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வான் சிட்டர்ட் 1934-லும் செர்னிக்கே 1938-லும் போட்ட பாதையை எமில் வுல்ஃப் 1950-களில் முறையான கோட்பாடாக்கினார். ஒரு புள்ளியின் புலத்தை இன்னொரு புள்ளியின் புலத்தோடு (அதன் இணைக் கலப்பெண்ணோடு) பெருக்கிச் சராசரி எடுக்கிறோம்; வெற்றிடத்தில் அந்தச் சராசரியே அலைச் சமன்பாட்டின்படி பரவுகிறது. காகிதத்தில் அருமை. கணினியில் ஏற்றினால்தான் வலி தெரியும். புலத்தை 256×256 கட்டங்களாகப் பிரித்தால் 65,536 புள்ளிகள், அவற்றின் ஜோடிகள் சுமார் 430 கோடி, ஒரு கலப்பெண்ணுக்கு 16 பைட் வைத்தால் ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு 64 ஜிபிக்கு மேல். சமச்சீரைப் பயன்படுத்திப் பாதியாக்கலாம்தான், ஆனால் தளவிளைவையும் (புலம் அதிரும் திசையையும்) சேர்த்தால் 2×2 அணியாகி நான்கு மடங்கு ஏறிவிடும்.

அதனால் நான் பெரும்பாலும் மோடுகள் பக்கம்தான். வுல்ஃப் 1982-ல் காட்டியபடி, ஒட்டுறவுச் சார்பின் அந்தப் பெரிய அணியை ஐகன் சார்புகளாக (அதன் அடிப்படை வடிவங்களாக, இவையே மோடுகள்) பிரித்தால், ஒவ்வொன்றும் முழு ஓரியல்பு கொண்ட தனி அலை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, தனித்தனியாகப் பரப்பிச் செறிவுகளைக் கூட்டினால் போதும். செறிவும் ஒட்டுறவும் மணி வடிவில் குறையும் காஸியன் ஷெல் மாதிரியில் ஐகன் மதிப்புகள் (ஒவ்வொரு மோடின் ஆற்றல் பங்கு) பெருக்குத் தொடராகக் குறைகின்றன. ஓரியல் அகலமும் மூல அகலமும் சமம் என்றால் அடுத்தடுத்த ஐகன் மதிப்புகளின் விகிதம் 0.382, ஒரு திசையில் ஐந்தே மோடுகளில் 99 சதவீத ஆற்றல் அடங்கிவிடும். ஆனால் ஓரியல் அகலத்தை மூல அகலத்தில் பத்தில் ஒன்றாக்கிப் பாருங்கள், அந்த விகிதம் சுமார் 0.905, திசைக்கு 47 மோடுகள் தேவை, இரு திசைகளிலும் சேர்த்தால் இரண்டாயிரத்துக்கும் மேல். அப்புறம் இதில் லாபம் கரைந்துபோகும்.

விக்னர் சார்பு (1932-ல் குவாண்டம் இயற்பியலுக்காக வந்தது, 1968-ல் வால்தர் ஒளிக்குக் கொண்டுவந்தார்) இடத்தையும் திசையையும் ஒரே படத்தில் காட்டும். அச்சை ஒட்டிய கதிர்களுக்கு, வெற்றிடத்தில் பரவுவது அந்தப் படத்தை வெறுமனே சாய்ப்பதுதான், லென்ஸும் அப்படியே. ஆனால் எதிர்மறை மதிப்பு வரும், அதைக் கதிரின் செறிவு என்று படிக்க முடியாது. அளவிலும் ஒட்டுறவுச் சார்புக்குச் சளைத்ததில்லை. உள்ளுணர்வுக்கு நல்லது, தினசரிக் கணக்குக்கு நான் எடுப்பதில்லை.

மான்டி கார்லோவை (சீரற்ற மாதிரிகளைப் பலமுறை உருவாக்கிப் புள்ளிவிவரம் எடுக்கும் முறை) சோம்பேறி முறை என்று ஒதுக்குபவர்கள் உச்ச மதிப்பைக் கணக்கிட வேண்டிய நிலைக்கு வந்திருக்க மாட்டார்கள். மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் உலோக அறையை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே உலோகத் துடுப்பு சுழன்று புலத்தைக் கலக்கும். நன்றாகக் கலந்தால் புலத்தின் ஒரு கூறின் செறிவு அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும். புள்ளிகளுக்கிடையே முழு மின்புலத்தின் ஒட்டுறவு sin(kr)/(kr) (r என்பது இடைத்தூரம், k என்பது 2π/அலைநீளம்), முதல் பூச்சியம் அரை அலைநீளத்தில், அதாவது 1 கிகாஹெர்ட்ஸில் 15 செமீ. இந்தச் சார்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒரு கம்பிவடத்தின் நீளம் முழுக்க மிக மோசமான மதிப்பு என்ன என்பதை அது நேராகச் சொல்லாது. எல்லாத் திசையிலிருந்தும் சீரற்ற கட்டத்தோடு (அலைச் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதோடு, phase) வரும் தள அலைகளைக் கூட்டி ஆயிரக்கணக்கில் மாதிரி எடுத்தால் சொல்லிவிடலாம். அரிய உச்சத்துக்கு மாதிரிகள் இன்னும் அதிகம் வேண்டும். சராசரிக்கே விலை குறைவில்லை: அடுக்குக்குறிப் பரவலில் திட்ட விலக்கமும் சராசரியும் சமம், ஆகவே 1 சதவீதத் துல்லியத்துக்கு 10,000 மாதிரிகள்.

மோடுகளையும் மான்டி கார்லோவையும் கலப்பதும் நடைமுறையில் உண்டு. மோடுகள் ஒவ்வொன்றையும் அதன் ஐகன் மதிப்புக்கு ஏற்ற அளவிலான சீரற்ற காஸியன் கலப்பெண்ணால் பெருக்கிக் கூட்டினால் ஒரு மாதிரிப் புலம் தயார். வெப்ப ஒளிக்கு (சூடான பொருள் உமிழும் ஒளிக்கு) இது சரி. நிலையான வீச்சு கொண்ட லேசருக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள். சராசரி ஒட்டுறவு பொருந்தும், செறிவின் ஏற்ற இறக்கம் மட்டும் தப்பாக வரும்.