நேரலை செய்து தருவதாகச் சொன்னவர்களிடம் ரூ.78,000 இழந்தேன்: தொழில் நடத்துவோர் கவனத்திற்கு

கோவை கணபதி பகுதியில் மோட்டார் பம்பு தயாரிக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்கள் புதிய சோலார் நீர்மூழ்கிப் பம்பை டீலர்களுக்கு அறிமுகம் செய்யும் நிகழ்ச்சியை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் ரூ.78,000 கொடுத்து, கடந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் ஏமாந்தேன். பெயரைக் குறிப்பிடவில்லை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்து, 2020 ஊரடங்குக்குப் பிறகு கம்பெனி நிகழ்ச்சிகளுக்கு மாறியவர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் டீலர்களைக் கோவைக்கே வரவழைத்து, தங்க அறையும் விருந்தும் கொடுப்போம். இந்த ஆண்டு 112 பேருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதால்தான் நேரலைக்கு ஒப்புக்கொண்டேன்.

நிகழ்ச்சி மண்டபத்தைப் பார்வையிட வந்த அந்த நிறுவனத்தின் உரிமையாளர், தம் போனில் நெட் வேகத்தை அளந்து என்னிடம் நீட்டினார். திரையில் பெரிய எழுத்தில் 64 என்று இருந்தது. "சார், இதுவே ஃபுல் எச்டிக்குத் தாராளமா போதும். அது போக, நாலு சிம்மைச் சேர்த்து ஓட்டுற பாண்டிங் பாக்ஸும் கொண்டு வர்றோம்" என்றார். அந்த நிமிடத்தில் நம்பினேன். அன்று மாலையே ரூ.50,000 அனுப்பினேன். அந்த 64 என்பது டவுன்லோடு வேகம். நேரலைக்கு வேண்டியதோ அப்லோடு வேகம், அதாவது நம்மிடமிருந்து படம் வெளியே போகும் வேகம். முழு எச்டி படம் தடையின்றிப் போக அது நொடிக்கு 5 மெகாபிட்டாவது இருக்க வேண்டும். அன்று அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் மறைந்திருந்த 1.8 என்ற அப்லோடு வேகத்தை, அவரே வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் நேற்றுத்தான் கவனித்தேன்.

நிகழ்ச்சி நாள் காலையில், கேமரா வாடகைக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி மீதி ரூ.28,000-ஐயும் வாங்கிக்கொண்டார்கள். பாண்டிங் பாக்ஸ் வரவில்லை; ஜன்னல் திட்டில் வைத்த ஒரே ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாம் ஓடியது. கண்ணாடித் தொட்டிக்குள் பம்பை இறக்கி நான் சுவிட்சில் கை வைத்தபோது படம் அப்படியே நின்று, அதன்மேல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததாம். "ஏங்க, தண்ணி வந்துச்சா இல்லீங்களா?" என்று பொள்ளாச்சி டீலர் போனில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆறு மாத உழைப்பு அந்தத் தொட்டிக்குள் இருந்தது.

காரணம் கேட்டபோது, டீலர்களின் நெட் சரியில்லை என்று முதல் நாள் சொன்னார்கள். மறுநாள், காணொளித் தளத்தின் கோளாறு என்றார்கள். அதன்பின், கணக்காளர் பேசுவார் என்று சொல்லி, போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இடையில் 1,146 பார்வைகள் என்று ஓர் அறிக்கை மட்டும் வந்தது. இணைப்பு கொடுக்கப்பட்டதே 112 பேருக்கு! சரிபார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் நேரலை ஓடியது அவர்களுடைய சேனலில். நல்ல கேமராவில் தனியாகப் பதிவான ரெக்கார்டிங்கையாவது தாருங்கள் என்றால், அதற்கு மேலும் ரூ.12,000 கேட்கிறார்கள். என் பம்பு, என் டீலர்கள், என் ரூ.78,000, ஆனால் பதிவு அவர்களுடையதாம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்பதால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவதே கடினம் என்கிறார் வழக்கறிஞர். சிவில் வழக்குதான் போட வேண்டுமாம்.

விரிவாக ஆலோசனை சொல்லத்தான் தொடங்கினேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. நேரலையை உங்கள் சொந்தச் சேனலிலேயே நடத்தச் சொல்லுங்கள்; புதிய சேனல் என்றால் யூடியூபில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் முன்கூட்டியே செய்துவிடுங்கள். அப்லோடு வேகத்தை அதே மண்டபத்தில், அதே நேரத்தில் நீங்களே அளந்து பாருங்கள். ரெக்கார்டிங் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன். இன்னும் 70 டீலர்களுக்குப் போன் செய்து, தண்ணீர் வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.