பழைய அமெரிக்க போலீஸ் செஸ் செட்: அலமாரிக்கு ஓகே, ஆட்டத்துக்கு?

திருடனே இல்லாத திருடன்-போலீஸ் இது. இரண்டு அணியும் போலீஸ்தான். ஒரே அச்சில் வார்த்து, ஒன்றுக்குக் கருநீலமும் மற்றதற்குச் சாம்பலும் அடித்திருக்கிறார்கள். பாலிரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிளாஸ்டிக்) காய்கள் 32. பலகை தனியாக வாங்க வேண்டும்.

உருவ வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சிப்பாய்கள் ரோந்துக் காவலர்கள்: உயரமான ஹெல்மெட், இரட்டை வரிசைப் பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டு, கையில் தடி. மந்திரி (பிஷப்), உருண்டையான பௌலர் தொப்பி போட்ட துப்பறிவாளர். யானைக்குப் பதில் காவல் நிலைய வாசல்; நியூயார்க் நிலையங்களில் இருப்பதுபோல இரு பக்கமும் பச்சை விளக்கு. ராணி நீளப் பாவாடைச் சீருடையில் பெண் காவலர். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் 1910இல் சேர்ந்துவிட்டார் என்பதால் அது பொருந்துகிறது. ராஜாவின் எட்டு முனைத் தொப்பிதான் இடிக்கிறது. ஹெல்மெட் 19ஆம் நூற்றாண்டுப் பாணி, அந்தத் தொப்பி பிற்காலத்தது.

சிக்கல் அளவில்தான். ராஜா 85 மி.மீ., சிப்பாய் 68 மி.மீ. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரையில் ராஜா 9.5 செ.மீ., சிப்பாய் 5 செ.மீ.; கிட்டத்தட்ட பாதி. இங்கே எட்டுச் சிப்பாய்களும் மதில்போல நிற்க, பின்வரிசை அதற்குள் மறைந்துபோகிறது. மந்திரியும் சிப்பாயும் ஒரே உயரம் என்பதால் தொப்பியைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். எல்லாக் காய்க்கும் அடிப்பாகம் 32 மி.மீ. பலகையின் ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் அடங்கினால்தான் பலகைப் பொருத்தம் சரி என்பது பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் இதற்கு 64 மி.மீ. கட்டம் தேவை. அந்த அளவில் பலகை எளிதில் கிடைக்காது, 55 மி.மீ. போதும். 45 மி.மீ. கட்டம் உள்ள பலகை வாங்கினால் நடு ஆட்டத்தில் விரல் நுழையாது.

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கருநீலமும் சாம்பலும் ஒன்றாகவே தெரியும். சாம்பல் அணியின் அடிவிளிம்பில் மட்டும் தந்த நிற அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட்டிங் கொடுத்தால் போதும்.

கனம் முழுக்க மேலே இருப்பதால் குதிரைகள் லேசாக இடித்தாலே சாயும். அடியிலுள்ள ஃபெல்ட் துணியை உரித்து, 25 மி.மீ. இரும்பு வாஷரை எபாக்சி பசையால் ஒட்டி, மேலே புது ஃபெல்ட் போடுங்கள். ஒரு அணிக்கு மட்டும் செய்தால் உயரம் மாறும், 32க்கும் செய்ய வேண்டும். இதைச் செய்த பிறகும் பிளிட்ஸ் (சில நிமிட வேக ஆட்டம்) ஆட வேண்டாம். ரெசின் வளையாது, ஒடியும். முதலில் போவது சிப்பாயின் தடி முனை. ஒட்டுவதற்கும் எபாக்சிதான் நல்லது. சூப்பர் குளூவின் ஆவி சுற்றியுள்ள பெயின்டில் வெள்ளையாகப் படியும். தூசிக்கு மென்மையான பிரஷ் போதும். சானிடைசர் பட்டால் நிறம் கரைந்து வரும்.

பெட்டி வந்ததும் 16 தடிகளையும் எண்ணிவிடுங்கள். ஃபோமின் வெட்டு தடிக்கு இடம் விடாமல் இறுக்கமாக இருக்கிறது, அதனால் காயை இழுத்து எடுக்காமல் ஃபோமை விரித்து எடுக்க வேண்டும். உடைந்திருந்தால் திருப்பி அனுப்பும் காலத்துக்குள்ளேயே கேளுங்கள், உதிரிக் காய் தனியாக விற்பதில்லை.