அத்தைக்குப் பொங்கச்சீரோட என்ன வாங்கிக் குடுக்கலாம்: பட்டா, சுங்குடியா, பாட்டுப் பொட்டியா, ஈயச்சொம்பா?

எங்க பக்கம் கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வீட்ல இருந்து பொங்கச்சீர் போறது தலைப்பொங்கலோட நிக்காது, அவ பேரன் பேத்தி எடுத்த பின்னாடியும் போகும். எங்கப்பா இருந்தவரைக்கும் மார்கழி முடியப் போகுதுன்னா போதும், பச்சரிசி, மண்டவெல்லம், மஞ்சக்கொத்து, கரும்புக்கட்டு, ஒரு சேலைன்னு எல்லாத்தையும் கட்டி எடுத்துக்கிட்டு மதுரையில பஸ் ஏறி நெலக்கோட்டைப் பக்கம் அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருவாரு. அப்பா போனதுக்கப்புறம் அது என் பொறுப்பு.

அரிசி வெல்லத்துல பிரச்சனையே இல்ல, அத்தை ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்கும். அதுக்கு மேல பிரியப்பட்டு எதக் கொண்டு போனாலும் "எதுக்குடா மருமகனே காசக் கரியாக்குற, எனக்கென்ன கொற"ன்னு சொல்லிட்டு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிரும். இப்ப 76 வயசு, மாமா தவறுனதுல இருந்து தனியாத்தான் இருக்கு. போன வருஷம் ஏதோ பத்திரம் எடுக்கணும்னு சாவியக் குடுத்துச்சு, தெறந்து பாத்தா நான் வருஷா வருஷம் குடுத்த ஹாட்பாக்கு, பிளாஸ்க்கு, சால்வை, பட்டுச்சேலை எல்லாம் கவர் கூடப் பிரிக்காம வரிசையா அடுக்கி இருக்கு. கோவமெல்லாம் வரல, அத்தை என்ன பண்ணுது, எத எடுத்துப் பொழங்குதுன்னே பாக்காம இத்தன வருஷம் கடைக்குப் போயிருக்கோமேன்னு மனசுக்குக் கஷ்டமாயிருச்சு. அதனால இந்தத் தடவ தீவாளி முடிஞ்ச கையோட ஒரு நாள் அங்க போய்த் தங்கி, வீட்ல எது தேஞ்சிருக்கு எது ஒடஞ்சிருக்குன்னு பாத்துட்டு வந்துதான் எத வாங்கறதுன்னு அலசுனேன். இதே மாதிரி எது குடுத்தாலும் வேணாம்னு சொல்ற பெரியவங்க உங்க வீட்லயும் இருப்பாங்க, அதான் எழுதறேன்.

முதல்ல சேலை. காஞ்சிப் பட்டுன்னா மரியாதைதான், சபையில தட்டுல வச்சுக் குடுக்கறப்ப பாக்கற நாலு பேருக்கும் கண்ணு நெறையும். ஆனா ஜரிகை போட்ட நல்ல பட்டு கனமா இருக்கும், அதக் கொசுவம் வச்சுக் கட்டி நாள் பூரா சொமக்கறதுக்கு 76 வயசு இடுப்புக்குத் தெம்பு வேணும். அத்தை இன்னொண்ணும் சொல்லுச்சு, "மாமா போனப்புறம் நான் எங்கடா பட்டுக் கட்டிக்கிட்டுப் போகப் போறேன்"னு. அதுக்கு மேல அந்தப் பேச்சையே நான் எடுக்கல.

சுங்குடி அப்படி இல்ல. முழுக்கப் பருத்தி, தொவைக்கத் தொவைக்க மெத்துன்னு ஆகும், வெயில் காலத்துல ஒடம்போட ஒட்டாது, கட்டுனா கட்டுனதே தெரியாது. மதுரையில சௌராஷ்டிரா சனங்க பரம்பரையாப் பண்ற வேலை, 2005-ல புவிசார் குறியீடு வாங்குன சேலை. துணிய நகத்தால கிள்ளி எடுத்து நூலால முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குவாங்க, முடிச்சு இருந்த எடத்துல மட்டும் சாயம் ஏறாம புள்ளியா நிக்கும், ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்குல முடிச்சு. கையால கட்டுனதா அச்சுல போட்டதான்னு பாக்கறதுக்கு புள்ளியப் பக்கத்துல வச்சுப் பாருங்க, கைமுடிச்சுல ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது, துணியும் அந்த எடத்துல லேசா சுருங்கி எழும்பி நிக்கும், அச்சுன்னா எல்லாம் ஒரே அளவுல வழவழன்னு இருக்கும். அச்சு சுங்குடி மட்டம்னு சொல்லல, தெனப்படிக்கு அதான் தோது, விலையும் கம்மி. மொதத் தொவையல தனியா உப்புத் தண்ணியில போடச் சொல்லிருங்க, சாயம் போகும். பட்டு சுங்குடி ரெண்டுல, வீட்டோட இருக்கற பெரியவங்கன்னா எப்பவும் சுங்குடிதான். விளக்குத்தூண் பக்கம் போய் அரக்குக் கலர்ல ஒண்ணு எடுத்துட்டேன், ஆனா சேலை எப்பவும் சீர்ல உள்ளதுதான, அதத் தாண்டி என்னங்கறதுதான் கேள்வி.

பிபி மெஷின் வாங்கிக் குடுன்னு என் வீட்டுக்காரி சொன்னா. நல்ல பொருள்தான், மணிக்கட்டுல கட்டுறத விட புஜத்துல கட்டுற மாடல் நம்பலாம், பட்டை கைக்குச் சரியான அளவா இருக்கணும், சின்னதா இருந்தா அளவக் கூட்டிக் காட்டும். பாக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அமைதியா சாஞ்சு உக்காந்து, காலத் தரையில ஊனி, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு இருக்கற மாதிரி கைய மேசை மேல வச்சு, பேசாம பாக்கணும். இத்தனையும் தனியா இருக்கற ஒருத்தங்க தெனம் சரியாச் செய்யறது கஷ்டம். எங்க பெரியம்மா மாடி ஏறி வந்த கையோட பாத்துட்டு, நம்பரப் பாத்துப் பயந்து, அந்த பயத்துல இன்னும் ஏறி, ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். கூட ஆள் இருக்கற வீட்டுக்கு வாங்குங்க. அதுவும் பொங்கலன்னைக்குக் குடுக்காதீங்க, நல்ல நாளும் அதுவுமா நோயாளின்னு சொல்லிக் குடுக்கற மாதிரி இருக்கும், சும்மா ஒரு நாள் போறப்ப கொண்டு போய் வச்சிட்டு வந்துரலாம்.

அடுத்தது ஃபோனா பாட்டுப் பொட்டியா. அத்தை அடுப்படியில ஒரு பழைய டூ இன் ஒன் ரேடியோ இருக்கு, ஏரியல் கம்பி முறிஞ்சு போயி அதுல ஒரு ஒயரச் சுத்தி ஜன்னல் கம்பியில மாட்டி விட்டுருக்கு, காலையில எந்திரிச்ச ஒடனே கோடைப் பண்பலை 100.5 ஓடணும். அண்ணன் ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் குடுப்போம், பாட்டும் கேக்கலாம் வீடியோ கால்ல பேத்தியையும் பாக்கலாம்னான். பேத்தியப் பாக்கறதுக்கு ஃபோன அடிச்சுக்க எதுவும் இல்லதான், ஆனா பாட்டுக்கு நடுவுல வெளம்பரம் வந்தா தள்ளி விடத் தெரியணும், ரீசார்ஜ் முடிஞ்சா ஒருத்தரக் கேக்கணும், அந்தக் "கேக்கறது"தான் அத்தைக்குப் புடிக்காத விஷயமே. சாரேகாமா காரவான்னு 2017-ல வந்துச்சே, அந்தப் பொட்டியில தமிழுக்குன்னு தனியா 5000 பழைய பாட்டு உள்ளயே ஏத்தி வச்சிருக்காங்க, நெட்டு வேணாம், சிம்மு வேணாம், ஒரு குமிழத் திருப்புனா டிஎம்எஸ், இன்னொரு திருப்புல சுசீலாம்மா, எஃப்எம்மும் இருக்கு. கண்ணு மங்குன பெரியவங்களுக்கு, கைக்குப் புடிபடற பெரிய குமிழ் இருக்கறது எவ்வளவு பெரிய உதவின்னு பக்கத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும். சார்ஜ் போட மறக்கக்கூடாது, அது ஒண்ணுதான் கொற. ஃபோனுக்கும் பொட்டிக்கும்னா என் ஓட்டு பொட்டிக்கு, இந்த வருஷம் வாங்கவும் வாங்கியிருப்பேன், ஈயச்சொம்பு மட்டும் கண்ணுல படாம இருந்திருந்தா.

அது அடுப்படி மேல்தட்டுல கவுத்து வச்சிருந்துச்சு, எடுத்துப் பாத்தா அடியில அஞ்சு ரூவாத் துட்டு அளவுக்கு ஓட்டை, ஓட்டையச் சுத்தி ஈயம் உருகி மெழுகு வழிஞ்ச மாதிரி நின்னு போயிருக்கு. எங்கப்பத்தா அத்தைக்குக் கல்யாணத்துல குடுத்த, ரசம் வைக்கற சொம்பு. நாலு வருஷம் முன்னாடி சொம்ப அடுப்புல வச்சிட்டு புளித்தண்ணி எடுக்கத் திரும்பறதுக்குள்ள வாசல்ல யாரோ கூப்புட்டாங்களாம், அவ்வளவுதான். அன்னையில இருந்து ரசம் எவர்சில்வர்லதான், "ரசமாடா இது, வெந்நியில மொளகு போட்ட மாதிரி"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லும், நான் அத வெறும் பேச்சுன்னே நெனச்சிட்டு இருந்திருக்கேன்.

ஈயச்சொம்பு 232 டிகிரியில உருகிரும், அடுப்புத் தீ அதுக்கு மேல எங்கயோ இருக்கு. உள்ள தண்ணி இருக்கறவரைக்கும் அது 100 டிகிரிக்கு மேல போகாது, அதனால பாத்திரமும் தாங்கும். அதனாலதான் மொதல்ல புளித்தண்ணி, அப்புறம்தான் தீ. தீயும் அடிப்பக்கத்தத் தாண்டி மேல ஏறக்கூடாது, சின்ன பர்னர்தான் சரி. தாளிக்கறது தனிக் கரண்டியில.

வாங்கறதுல ஒரு பெரிய ஜாக்கிரதை வேணும், இதத் தயவுசெஞ்சு கவனமாப் படிங்க. நம்ம வாயில ஈயம்னு வர்றது ரெண்டு உலோகம், பாத்திரத்துக்கு உள்ளது வெள்ளீயம், காரீயம் வெஷம். புளியும் தக்காளியும் சேர்ந்த புளிப்பு, காரீயம் கலந்த பாத்திரத்துல கொதிச்சா அது ரசத்துக்குள்ள எறங்கிரும். கலந்திருக்கா இல்லையான்னு கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது, டெஸ்ட் பண்ணித்தான் தெரியும். மலிவாக் கெடைக்குதுன்னு சந்தையிலயோ முன்பின் தெரியாத எடத்துலயோ வாங்காதீங்க, சுத்த வெள்ளீயம்னு பில்லுல எழுதிக் குடுக்கற கடையில வாங்குங்க. எடைக்குத்தான் விலை, எவர்சில்வரோட ஒப்பிட்டா ரொம்ப ஜாஸ்தியாத்தான் இருக்கும்.

வீட்டுக்காரிக்கு மனசே இல்ல. ஏற்கனவே ஒண்ணு உருகுன வீடு, தனியா இருக்கற ஆளு, மறதி வேற, திரும்ப அதையே குடுக்கணுமான்னு கேட்டா. ஞாயமான கேள்விதான், ரெண்டு நாள் யோசிச்சேன். அடுப்பப் பத்த வச்சிட்டு மறந்து போற அளவுக்கு ஆனவங்களுக்கு ஈயச்சொம்பு வாங்கிக் குடுக்காதீங்கன்னுதான் நானும் சொல்லுவேன், அவங்களுக்குப் பாட்டுப் பொட்டிதான் சரி. அத்தை அந்த அளவுக்கு இல்ல, பால் கணக்கு இன்னும் மனசுலதான் போடுது. அதுக்கும் ஒரு வழி பாத்தேன், ரசத்த எவர்சில்வர்ல வச்சு, கடைசியில சொம்புக்கு மாத்தி நொர கட்டற வரைக்கும் சூடு பண்ணி எறக்குனா அந்த வாசனை முக்கால்வாசி வந்துருது, நெறய வீட்ல இப்ப அப்படித்தான் பண்றாங்க.

கடையில பழைய ஈயத்த எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்கன்னாங்க. போடல. அப்பத்தா சொம்ப எடைக்குப் போட்டுட்டு வந்தேன்னு அத்தை மொகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது.

பொங்கலன்னைக்குச் சீர்த்தட்டுல சுங்குடி மேல சொம்ப வச்சுக் குடுத்தேன். அத்தை சேலையத் தள்ளிட்டு சொம்பத்தான் எடுத்துச்சு, கையில வச்சு எடை பாத்துச்சு, வாய்ப்பக்கம் கட்டைவிரலால அழுத்திப் பாத்துச்சு, எவ்வளவுன்னு கேட்டுச்சு, சொன்னதும் வழக்கம் போல திட்டுச்சு. பீரோச் சாவிய எடுக்கப் போகுதுன்னுதான் நெனச்சேன். "அந்த அரிசி கழுவுன தண்ணியக் கீழ ஊத்திட்டீங்களாடி?"ன்னு உள்ள பாத்துச் சத்தம் குடுத்துச்சு, புதுச் சொம்புல மொதல்ல அதத்தான் கொதிக்க வைக்கணுமாம்.

ஓட்டைச் சொம்புல இப்ப திருநூறு இருக்கு, பூசை மாடத்துல. டூ இன் ஒன்னுக்கு நெலக்கோட்டையில ஒரு கடையில ஏரியல் கம்பி மட்டும் மாத்திக் குடுத்துட்டு வந்தேன், ஜன்னல் ஒயரக் கழட்டியாச்சு.