விடாத இருமலும் இளைப்பும்: சிரப்பா, மாத்திரையா, நெபுலைசரா, பஃப்பா?

காய்ச்சல் போய் மூன்று வாரமாகியும் பிள்ளைக்கு இருமல் போகவில்லை. விடியற்காலையில் நெஞ்சு விசிலடிக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா இளைப்பாக இருக்கலாம். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

ஒப்பிடுவதற்கு முன் காசநோய் (டிபி) இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் அதற்குக் காசு கிடையாது. காசநோய் என்றே வந்தாலும் மருந்து இலவசம். "நம்ம வீட்ல யாருக்கு டிபி?" என்று கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் சிரப் குடிப்பதுதான் ஆபத்து.

சிரப் விஷயத்தை நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். "அண்ணே, இருமலுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க", "வறட்டு இருமலா, சளியா தம்பி?" என்று மெடிக்கலில் முடிகிற பேச்சில் நெஞ்சில் ஸ்டெத் வைக்கிற வேலையே கிடையாது. மூச்சுக்குழாய் சுருங்கியதால் வரும் இருமலை, இருமலை அடக்கும் மருந்து சரிசெய்யாது, தூங்கத்தான் வைக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததையும் மறக்க முடியாது.

பாட்டி வைக்கிற ஆடாதோடைக் கஷாயத்தை நான் அவ்வளவு லேசாகத் தள்ளமாட்டேன். அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது; சளி சிரப்புகளில் இருக்கும் அம்ப்ராக்சால் அதன் வாரிசு. கெட்டிச் சளியை இளக்கிவிடும், சரி. ஆனால் விசிலடிக்கிற நெஞ்சுக்கு அது மட்டும் போதாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

மாத்திரைக்கு வருவோம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கலாம். பஃப் ஒன்றில், அதாவது இன்ஹேலரை ஒருமுறை அமுக்கினால் வருவதில், 100 மைக்ரோகிராம்தான். அதாவது நாற்பது பஃப் மருந்து வயிறு வழியாக உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்குப் போகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். ராத்திரி போடச் சொல்லும் மான்டிலுகாஸ்ட் சிலருக்கு உதவும். ஆனால் கெட்ட கனவு, மனச்சோர்வு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடும் எச்சரிக்கை விட்டது. பரீட்சை நேரத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் நடத்தையைக் கவனியுங்கள்.

நிஜப் போட்டி நெபுலைசருக்கும் இன்ஹேலருக்கும்தான். கிளினிக்கில் மாஸ்க் மாட்டி, மெஷின் இரைந்து, பத்து நிமிடத்தில் மூச்சு லேசானதும் "இதுதான் பெரிய வைத்தியம்" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உள்ளே போவது பெரும்பாலும் அதே சால்பியூட்டமால். ஸ்பேசர் குழாய் மாட்டிய இன்ஹேலர், உயிருக்கு ஆபத்தில்லாத இளைப்பில், அதே அளவு வேலை செய்கிறது. கரண்ட் வேண்டாம், ராத்திரியில் கிளினிக் தேடி அலைய வேண்டாம், காலேஜ் பையில் அடங்கும்.

"பஃப் பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்பார்கள். பெண் பிள்ளை என்றால் "மாப்பிள்ளை வீட்ல தெரிஞ்சா?" என்ற பேச்சும் சேரும். பஃப் அடிமையாக்குவதில்லை. பழகிப்போகிற ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: சால்பியூட்டமால் உள்ள நீல நிற இன்ஹேலரை மட்டும் அடித்துக்கொண்டே காலம் தள்ளுவது. அது சுருக்கத்தை எடுக்கும், உள்வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் நம்பிச் சிகிச்சை கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி 2019-லேயே சொல்லிவிட்டது. இளைப்பு இல்லாத நாளிலும், மருத்துவர் சொன்னபடி, உறிஞ்சும் ஸ்டீராய்டு வேண்டும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: உறிஞ்சுவது 200 மைக்ரோகிராம் அளவில், முற்றிப்போனால் விழுங்கச் சொல்லும் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும்.

இன்ஹேலர் தோற்கிற இடம் ஒன்று உண்டு, கைப்பக்குவம். பையன் அமுக்குகிறான், மூச்சை இழுக்கவில்லை. மருந்து வாயோரத்தில் வெள்ளைப் புகையாக வெளியே போகிறது. முக்கால்வாசி நாக்கில். "மருந்து கேக்கல சார்" என்று அடுத்த கிளினிக்குக்குப் போகிறார்கள். மூச்சை முழுதாக விட்டு, அமுக்கி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஆக, என் ஓட்டு ஸ்பேசரோடு இன்ஹேலருக்கு. கீழமாசி வீதி வத்தல் நெடி, போகிப் புகை, மேலூர்ப் பக்கத்துக் கல்தூசி என்று எதில் இளைக்கிறது என்பதையும் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, மூச்சிழுக்கையில் கழுத்துக்குழி உள்வாங்குகிறது என்றால் 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை பஃப் கொடுத்துக்கொண்டிருங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.