கேசியோ 991 இஎக்ஸ்: அசமன்பாட்டுக்கு எவ்வளவு உதவும்?

கேசியோ எப்எக்ஸ்-991இஎக்ஸ் கால்குலேட்டரில் அசமன்பாடுகளுக்கென்றே ஒரு மோட் உண்டு. மெனு விசையை அழுத்தி, மேலே சிவப்பில் 'பி' என்று போட்டிருக்கும் பாகை விசையைத் தட்டினால் திறக்கும். முதலில் படி (மாறியின் மிக உயர்ந்த அடுக்கு) கேட்கும்: 2, 3 அல்லது 4. அடுத்து குறி: 1 என்றால் >, 2 என்றால் <, 3 ≥, 4 ≤. பிறகு கெழுக்களை (மாறியின் முன்னால் வரும் எண்களை) ஒவ்வொன்றாகக் கொடுத்து சமக்குறியை அழுத்த வேண்டும். இங்கே மாறியை ய என்று எழுதுகிறேன்; திரையில் எக்ஸ் என்று வரும்.

ய³ − 4ய > 0 என்றால் கொடுக்க வேண்டியவை 1, 0, −4, 0. இல்லாத உறுப்புக்குப் பூச்சியம் போட மறந்தால் கெழுக்கள் ஒரு கட்டம் தள்ளிப்போய், வேறொரு கணக்குக்கு விடை வரும். சரியாகக் கொடுத்தால் −2 < ய < 0, 2 < ய. ய² − 2ய − 1 < 0 போன்றவற்றுக்கு 1 − √2, 1 + √2 என மூலக்குறியோடே விடை தருவது பெரிய வசதி. ய² + ய + 1 > 0 என்றால் 'ஆல் ரியல் நம்பர்ஸ்' என்று சொல்லிவிடும்.

சிக்கல் பின்ன அசமன்பாட்டில்தான். (2ய + 1)/(ய − 3) ≤ 1 என்பதை இந்த மோடில் நேராகக் கொடுக்க வழியில்லை. பல்லுறுப்புக்கோவையாக மாற்றுவது நம் வேலை. (ய − 3)-ஆல் இரு பக்கமும் பெருக்கினால் ய ≤ −4 என்று வரும். அது தவறு: ய = 0 போட்டுப் பாருங்கள், −1/3 ≤ 1, பொருந்துகிறதே! (ய − 3) குறை எண்ணாக இருந்தால் குறி திரும்ப வேண்டும் என்பதை அந்தப் பெருக்கல் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே 1-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து (ய + 4)/(ய − 3) ≤ 0 ஆக்கி, (ய − 3)²-ஆல் பெருக்குங்கள். ய² + ய − 12 ≤ 0 கிடைக்கும். 1, 1, −12 கொடுத்தால் இயந்திரம் −4 ≤ ய ≤ 3 என்கிறது. 3-இல் பின்னத்தின் பகுதி (கீழே உள்ள ய − 3) பூச்சியமாவது அதற்கு எப்படித் தெரியும்? −4 ≤ ய < 3 என்று திருத்தி எழுத வேண்டியவர் நீங்கள். இதைக் கவனிக்காமல் திரையில் வந்ததைப் பிரதி எடுப்பதுதான் பெரும்பாலான பிழைக்குக் காரணம்.

மட்டு, அதாவது | | குறிக்குள் வரும் தனிமதிப்புக் கணக்கு இவ்வளவு படுத்தாது. |2ய − 5| < 7 என்றால் இரு பக்கமும் குறையெண் அல்ல, தயங்காமல் வர்க்கப்படுத்தலாம்; கொடுக்க வேண்டிய கெழுக்கள் 4, −20, −24. விடை −1 < ய < 6. வலப்பக்கத்திலும் ய இருந்தால் இந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள்.

ஒருபடி அசமன்பாட்டுக்கு இந்த மோட் கிடையாது. அதைக் கையால் போடுவதே வேகம். இயந்திரம் இடைப்பட்ட செய்முறைப் படிகளையும் காட்டாது. ஜேஇஇ பொறியியல் நுழைவுத் தேர்வில் கால்குலேட்டருக்கே அனுமதி இல்லை என்பதால், அதற்குத் தயாராகிறவர்கள் வீட்டில் விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். கையில் இருப்பது பழைய 991இஎஸ் பிளஸ் என்றால் இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். அதில் அசமன்பாட்டு மோடே கிடையாது.